பி.எஸ்.ஏ.: ஒரு துப்பாக்கிக் கம்பெனி தேய்ந்த கதை

நம்ம ஊரில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் புண்ணியத்தில் அந்த மூன்று எழுத்து தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் விரிவைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள்: பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அதாவது பர்மிங்காம் கைத்துப்பாக்கி, ரைபிள் வகையறா. மூன்று ரைபிள்களைக் கூம்பு மாதிரி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியதுதான் அந்தக் கம்பெனியின் முத்திரை. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியாக இருந்து, 1973-ல் விழுந்தது. ஏன் விழுந்தது என்று தேடிப் படித்தபோது, அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதில்தான் விடை இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பர்மிங்காமில் துப்பாக்கித் தொழில் என்பது சின்னச் சின்னப் பட்டறைகள். குழல் செய்கிறவர் ஒருவர், விசை செய்கிறவர் இன்னொருவர், மரக்கட்டை இழைக்கிறவர் வேறொருவர். கடைசியில் ஒருவர் உட்கார்ந்து அரத்தால் ராவி ராவி எல்லாவற்றையும் பொருத்துவார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு துப்பாக்கியின் விசையைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. போர்க்களத்தில் ஒரு பாகம் உடைந்தால் மறுபடியும் அரம்தான்.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி கண்டிருந்தார்கள். எல்லாப் பாகத்தையும் மெஷினில் ஒரே அளவாக வெட்டினால் எதை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். கிரிமியப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசு அந்த மெஷின்களை அமெரிக்காவிலிருந்தே வரவழைத்து, என்ஃபீல்டில் இருந்த தன் தொழிற்சாலையில் நிறுவியது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பர்மிங்காம்காரர்களுக்குப் புரிந்தது. புலம்பவில்லை. 1861-ல் 14 துப்பாக்கித் தொழிலதிபர்கள் சேர்ந்து, மெஷினால் துப்பாக்கி செய்ய ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஸ்மால் ஹீத்தில் 25 ஏக்கர் வாங்கித் தொழிற்சாலை கட்டினார்கள். இதுதான் பி.எஸ்.ஏ. கைவேலையில் கெட்டிக்காரர்கள், கைவேலையின் காலம் முடிகிறது என்று தாங்களே ஒப்புக்கொண்டு எடுத்த முடிவு அது.

துப்பாக்கித் தொழிலில் ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு. சண்டை வந்தால் ஆர்டர் கொட்டும், ஓய்ந்தால் பட்டினி. 1879-ல் வேலையே இல்லாமல் தொழிற்சாலையை ஒரு வருடம் மூடி வைத்தார்கள். அப்போது எட்வர்ட் ஆட்டோ என்பவர் தான் வடிவமைத்த இருசக்கர வண்டியோடு வந்து, இயக்குநர்கள் கூடியிருந்த அறையில் மேஜை மேலேயே ஓட்டிக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1880-ல் அந்த வண்டியைச் செய்துகொடுக்க ஆரம்பித்தார்கள். குழலும் திருகும் நுணுக்கமாகக் கடைந்த அதே மெஷின்கள் சைக்கிள் பாகங்களையும் கடைந்தன. பிறகு ராணுவ ரைபிள் ஆர்டர் வந்ததும் சைக்கிளைக் கைவிட்டார்கள். ஆர்டர் குறைந்ததும் மறுபடி எடுத்தார்கள். 1910-ல் டெய்ம்லர் கார் கம்பெனியை வாங்கினார்கள். மோட்டார் சைக்கிளும் அதே வருடம்தான்.

இரண்டு உலகப் போர்களும் பி.எஸ்.ஏ.வை மறுபடி துப்பாக்கிக் கம்பெனியாக்கின. முதல் போரில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேல் லீ-என்ஃபீல்டு ரைபிள்கள். இரண்டாவதில் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளோடு, எம்20 மோட்டார் சைக்கிள் சுமார் 1,26,000. அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் விமானங்கள் ஸ்மால் ஹீத்தைக் குறிவைத்துக் குண்டு போட்டன. இரவு ஷிப்டில் இருந்த தொழிலாளர்கள் 53 பேர் இறந்தார்கள்.

போர் முடிந்ததும் துப்பாக்கி பின்னுக்குப் போனது. மோட்டார் சைக்கிள் முன்னே வந்தது. 1951-ல் ட்ரையம்ப்பையும் வாங்கினார்கள். சரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அன்றைய சேர்மன் பெர்னார்ட் டாக்கரையும், தங்க நட்சத்திரங்கள் பதித்த டெய்ம்லரில் வலம் வந்த அவர் மனைவியையும்தான் திட்டுவார்கள். படிக்க சுவாரசியம்தான். ஆனால் 1956-லேயே அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நோய் வேறு இடத்தில் இருந்தது.

வரிசையாகப் பாருங்கள். 1957-ல் சைக்கிள் பிரிவை ராலேவுக்கு விற்றார்கள். 1960-ல் டெய்ம்லரை ஜாகுவாருக்கு. 1966-ல் மெஷின் டூல் பிரிவு ஆல்ஃப்ரட் ஹெர்பர்ட் கம்பெனிக்குப் போனது. நான் நின்று யோசித்தது இந்த மூன்றாவதில்தான். பி.எஸ்.ஏ. தன் உபயோகத்துக்கு மட்டுமல்ல, ஊருக்கே லேத்தும் மெஷினும் செய்து விற்ற கம்பெனி. அப்படிப்பட்ட கம்பெனியின் சொந்த மோட்டார் சைக்கிள் ஆலையில் பழைய மெஷின்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1960களில் அசெம்பிளி லைனுக்குப் பாகங்களை அனுப்பக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பாகங்களை வெட்டிய மெஷின்கள் பழசு. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது நன்றாகவே புரியும்: உள்ளே இருபது வருடப் பழைய கோடு, மேலே புது டேஷ்போர்டு.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1960-ல் ட்ரையம்ப்பின் எட்வர்ட் டர்னர் ஜப்பானுக்கே போய், ஆலைகளின் அளவையும் வேகத்தையும் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுத்தார். நிர்வாகம் தனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தது: ஜப்பான்காரன் சின்ன வண்டி விற்கட்டும், அதில் ஓட்டப் பழகியவன் நாளைக்குப் பெரிய வண்டிக்கு நம்மிடம்தானே வருவான்? அப்படியே ஒவ்வொரு வகுப்பாக விட்டுக்கொடுத்தார்கள். 1969-ல் ஹோண்டா சிபி750 சந்தைக்கு வந்தது. நான்கு சிலிண்டர், டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட். பி.எஸ்.ஏ.வின் ராக்கெட் 3-ஐ உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பிரிட்டிஷ் என்ஜின்களின் கிராங்க் கேஸ் நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரியும்; பொருத்தும் இடத்தில் எண்ணெய் கசியும். ஜப்பான்காரர்கள் படுக்கைவாட்டில் பிரித்தார்கள், கசிவு நின்றது. இது ரகசியம் இல்லை. ஆனால் அப்படி மாற்ற வேண்டுமானால் டிசைனோடு மெஷின்களையும் மாற்ற வேண்டும்.

கடைசியில் 1971 மாடல்களுக்காகப் புது ஃபிரேம் வரைந்தார்கள். வரைபடம் தாமதமாக வந்து ஆலை சும்மா நின்றது. வந்த பிறகு பார்த்தால், ட்ரையம்ப் ஆலையில் என்ஜின் அந்த ஃபிரேமுக்குள் போகவில்லை. மேல் பாகங்களைக் கழற்றித்தான் உள்ளே இறக்க வேண்டியிருந்தது. பாகம் பாகத்தோடு பொருந்த வேண்டும் என்பதற்காகவே பிறந்த கம்பெனியில், நூற்றுப்பத்து வருடம் கழித்து இந்த நிலைமை.

1973-ல் பங்கு விலை சரிந்தது. அரசின் ஏற்பாட்டில் நார்ட்டன் வில்லியர்ஸோடு இணைத்தார்கள். ஸ்மால் ஹீத் 1975-ல் மூடப்பட்டு, பிறகு பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1861-ல் தங்கள் தொழில் மாறுகிறது என்று புரிந்துகொள்ள அந்த 14 பேருக்கு யாரும் அறிக்கை எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் நின்று வேலை பார்த்த தொழில் அது, கையிலேயே தெரிந்தது. 1960களில் அறிக்கையும் இருந்தது, ஆராய்ச்சி மையமும் இருந்தது, மெஷின் செய்யும் பிரிவும் கொஞ்ச காலம் இருந்தது. முடிவெடுத்தவர்கள் மெஷினுக்குப் பக்கத்தில் இல்லை. ஜப்பான் வந்து சாய்த்தது என்பதைவிட, இந்தத் தூரம்தான் சாய்த்தது என்று நினைக்கிறேன்.

பெயர் மட்டும் பிரிந்து பிரிந்து வாழ்கிறது. மோட்டார் சைக்கிள் பெயரை 2016-ல் மஹிந்திராவின் கிளாசிக் லெஜண்ட்ஸ் வாங்கியது. சைக்கிள் பெயர் இங்கே நம்மிடம். துப்பாக்கிப் பிரிவை 1986-ல் ஸ்பெயினின் கேமோ வாங்கி, பர்மிங்காமிலேயே ஏர் ரைபிள் செய்துகொண்டிருக்கிறது. கார், சைக்கிள், மெஷின் என்று சேர்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், தொடங்கிய ஊரில் மிச்சம் நிற்பது கடைசியில் ஒரு துப்பாக்கிப் பட்டறைதான்.