தேர்ச்சியும் திறைசேரியும்

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் ஒரு பழைய வாதம் புத்துயிர் பெறுகின்றது. கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளின் சித்திகள் போற்றப்படுகின்றன. ரங்கலை, மடுல்கலை, தெல்தோட்டை, கலஹா ஆகிய பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளுக்கோ அனுதாபமும் உபதேசமும் வழங்கப்படுகின்றன. பெற்றோரின் அக்கறையின்மை, பிள்ளையின் மந்த புத்தி, ஆசிரியரின் சோம்பல் எனக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இப்பாடசாலைகளுக்குப் பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார், எந்த நிபந்தனையின் பேரில் கொடுத்தார் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. அதற்கு விடை காண நாம் வரலாற்றைத்தான் நாட வேண்டும்.

1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். அதன்பின் கண்டியைச் சூழ்ந்த மலைகள் யாவும் தோட்டங்களாயின. கோப்பி அறுவடைக்குத் தமிழகத்திலிருந்து வந்தோர் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் பரவத் தொடங்கிய நோய் கோப்பியை அழிக்கவே, மலையெங்கும் தேயிலை பரந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. அங்கேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தனர். அப்பிள்ளைகளை என்ன செய்வது என்ற வினாவும் உடன் பிறந்தது.

முதலில் விடையளிக்க வந்தவர்கள் மிஷனரிமார். 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோட்டங்களிற் சில பள்ளிகளை நடத்தியது. 'கூலி' என்ற இழிசொல்லைத் தன் பெயரிலேயே சுமந்த அந்த ஸ்தாபனம் துரைமாரின் அனுமதியையும் நன்கொடையையும் நம்பியே இயங்கியது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அடுத்த ஆண்டில் உதவி நன்கொடை முறை வந்தது. 1862இல் இங்கிலாந்தில் றொபேர்ட் லோ புகுத்திய 'பேற்றுக்கேற்ற ஊதியம்' என்ற கொள்கையே அதன் மூலம். பிள்ளைகளின் வரவையும் பரீட்சைத் தேர்ச்சியையும் அளந்து பணம் கொடுப்பது அக்கொள்கை.

கேட்பதற்கு இது நியாயம் போலவே ஒலிக்கும். ஆனால் தோட்டத்தில் அதன் பொருள் யாது? கொழுந்து மிகுந்த காலத்தில் பிள்ளை மலைக்குப் போகும். அல்லது லயத்திலிருந்து தம்பி தங்கையரைக் காக்கும். அதனால் வரவு குறையும். வரவு குறையத் தேர்ச்சி குறையும். தேர்ச்சி குறையப் பணமும் குறையும். பணம் குறைந்த பள்ளியில் ஒரே ஆசிரியர், ஒரே கூடம், ஐந்து வகுப்புகள். மறுவருடத் தேர்ச்சி மேலும் வீழாமல் என்ன செய்யும்? நோயாளி தேறிய பிறகே மருந்து தருவேன் என்று கூறும் வைத்தியத்தை எவரேனும் நியாயமென்பாரா?

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தின. இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் பிள்ளை கல்லாதிருப்பதால் மலிவான உழைப்பைப் பெறுபவன் எவனோ, அவனிடமே கல்விப் பணப்பையும் ஒப்படைக்கப்பட்டது. பிள்ளை பத்து வயதைத் தாண்டியதும் செக்ரோலில் பேர் பதிவதே அதன் அடுத்த வகுப்பாயிற்று.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. ஆசிய நாடுகளுக்கே எடுத்துக்காட்டான அச்சாதனையை நாம் போற்றுகின்றோம். 1952இல் பேராதனையில் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் வாயில், அந்தானை மலைத் தோட்டங்களின் லயங்களுக்கு நடக்கும் தூரத்திலேயே இருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பள்ளியிற் படித்த பிள்ளைக்கு அந்த வாயில் இலவசமாயிருந்து பயன் என்ன? இடையிலிருந்த படிகளை எவரும் கட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிள்ளையின் பெற்றோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனுக்காகப் பள்ளி கட்ட எந்த மந்திரி துடிப்பார்? 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொண்டுவந்தபோதும், தோட்டப் பள்ளிகள் புறத்தே விடப்பட்டன.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான பின்னரே விடிவு தென்பட்டது. 1977 முதல் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் 'சீடா' நிறுவனம் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. விளைவு என்ன? மந்த புத்தியென்று இகழப்பட்ட அதே லயத்துப் பிள்ளைகள் உயர்தரம் சித்தியெய்தினர், ஆசிரியராயினர், பேராதனைக்குள்ளும் நுழைந்தனர். பிள்ளையின் மூளை ஒரு தலைமுறையில் மாறிவிடவில்லை. மாறியது பணம் செல்லும் வழி!

ஆயினும் பழைய கொள்கை முற்றாக மடியவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின்கீழும், ஏனையவை மாகாண சபைகளின்கீழும் பிரிந்தன. நகரத்துப் பெயர்பெற்ற கல்லூரிக்கு மத்திய அரசின் கையோடு, வசதியுள்ள பெற்றோரின் கையும் பழைய மாணவரின் கையும் துணையாக உண்டு. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டத்துப் பெற்றோர் எந்தக் கையை நீட்டுவர்? 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது, அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாவே கொடுப்பனவாக வழங்கப்பட்டது. ஆசிரியருக்கு அரசு இட்ட விலை, அவரிடம் படிக்கும் பிள்ளைக்கு இட்ட விலையுமன்றோ? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமென்று 2015இல் இஞ்சியோனில் உலக நாடுகள் இணங்கின. இலங்கையின் ஒதுக்கமோ அண்மைய ஆண்டுகளிற் சுமார் 2 சதவீதத்தையே சுற்றி நின்றது. சிறிய அப்பத்தைப் பங்கிடுகையில் தோட்டத்துப் பிள்ளையின் தட்டு கடைசியாகவே வருகின்றது.

பணம் மட்டுமே கல்வியன்று என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். அர்ப்பணிப்பு வேண்டும், நல்ல நூல் வேண்டும், வீட்டில் ஓர் அமைதியான மூலையும் விளக்கும் வேண்டும். ஆனால் பணமின்மையை அர்ப்பணிப்பால் நிரப்பும்படி ஏழைப் பள்ளியிடம் மட்டும் கேட்பது நீதியன்று.

ஆகவே நாம் கோருவது எளியது. பெறுபேற்றுப் பட்டியலோடு இன்னொரு பட்டியலையும் வெளியிடுங்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு பிள்ளைக்கு ஆண்டிற் செலவான தொகை எவ்வளவு, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர் என்பதை அதில் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மக்கள், தேறாதது பிள்ளையா, திறைசேரியா என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வர். தேவை மிகுந்த இடத்துக்கே பணம் முதலிற் செல்லவேண்டும் என்ற விதியைச் சட்டமாக்கும் வரை, இந்தக் கணக்கை ஊரறியக் கேட்பதே ஆசிரியரும் மாணவரும் ஆற்றவேண்டிய கடமை.