டில்கர் வீட்டுக் குதிரைகள்

1863 மே 2, மாலை ஐந்தரை மணி வாக்கில், வர்ஜீனியாவின் சான்சலர்ஸ்வில் காட்டிலிருந்து முதலில் ஓடி வந்தவை மான்களும் முயல்களும். இரவுச் சாப்பாடு அடுப்பில் கொதிக்க, துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடக்குப் படையைச் சேர்ந்த 11ஆம் கோர் (படைப்பிரிவு) வீரர்கள் அவற்றைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். அவற்றின் பின்னாலேயே தென்னகத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் படை வந்தது, இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல். கோர் சிதறியது. சிதறிய கூட்டம் பிளாங்க் சாலை வழியே பின்னுக்குப் பாய, அதே சாலையின் நடுவே ஒற்றைப் பீரங்கியை நிறுத்தி, சுடுவதும் பின்னால் இழுப்பதும் மறுபடி சுடுவதுமாகக் கடைசி ஆளாகத் திரும்பியவர் ஹூபர்ட் டில்கர். பிறப்பால் ஜெர்மானியர். அமெரிக்காவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 இலையுதிர் காலத்தில், அவருடைய மகன் ஆன்டன் டில்கர் வாஷிங்டனின் செவி சேஸ் பகுதியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். பிறப்பால் அமெரிக்கர், கையில் அமெரிக்கக் கடவுச்சீட்டு. அந்த வீட்டின் நிலவறையில் அவர் வளர்த்தவை அடைப்பான் நோய்க் கிருமியும் குதிரைகளைக் கொல்லும் கிளாண்டர்ஸ் கிருமியும். ஜெர்மனிக்காக வளர்த்தார்.

வந்தேறியின் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிறந்த மண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். அங்கே பிறந்தவன் எப்படி இங்கே உயிரைக் கொடுப்பான் என்பார்கள். டில்கர் வீட்டில் இந்தக் கேள்வி தலைகீழாகிறது. வெளியே பிறந்தவர் உயிரைப் பணயம் வைத்தார். உள்ளே பிறந்தவர் எதிராக வேலை செய்தார். ஆனால் என்னை இந்தத் தந்தை மகன் கதைக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது அந்த முரண் மட்டும் இல்லை. இரண்டு போர்களுக்கும் நடுவே குதிரை நிற்கிறது.

ஹூபர்ட் 1836இல் பாடன் நாட்டின் எங்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். கார்ல்ஸ்ரூஹே இராணுவப் பள்ளியில் படித்து, பாடன் பெருங்கோமகனின் குதிரைப் பீரங்கிப் படையில் லெப்டினன்ட் ஆனார். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் விடுப்பு வாங்கிக்கொண்டு கடல் தாண்டினார். விரைவிலேயே ஒஹாயோ முதலாவது இலகு பீரங்கிப் படையின் 'ஐ' பேட்டரிக்கு அவர் கேப்டன். சின்சினாட்டியில் திரட்டிய அந்தப் பேட்டரியில் ஜெர்மானியர் நிறைய. சாம்பல் கம்பளிக் காற்சட்டைக்காரர்களும் நீலச் சட்டைக்காரர்களும் நிறைந்த போரில் அவர் மட்டும் தோல் காற்சட்டை போட்டு வந்ததால் 'லெதர் பிரீச்சஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் கையாண்டது நெப்போலியன் என்று பேர் பெற்ற பன்னிரண்டு ராத்தல் பீரங்கி. வெண்கலக் குழாய் மட்டுமே ஐந்நூற்றைம்பது கிலோ. ஒவ்வொரு முறையும் ஈரத் துடைப்பானால் உள்ளே எரியும் துகளை அணைக்க வேண்டும். ஒருவர் கட்டைவிரலில் தோலுறை மாட்டி எரிதுளையை அடைத்துக்கொள்ள வேண்டும். மருந்துப் பையையும் குண்டையும் கம்பால் திணிக்க வேண்டும். பிறகு கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். எதிரி நெருங்கி வந்துவிட்டால் தகர டப்பாவில் அடைத்த இரும்பு உருண்டைகளைப் போடுவார்கள். டப்பா பீரங்கியின் வாயிலேயே உடைந்து, உருண்டைகள் சிதறும். பழகிய குழு இந்த எல்லாவற்றையும் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

ஆனால் பீரங்கிக்காரன் முதலில் குதிரைக்காரன். ஒரு பீரங்கியை இழுக்க ஆறு குதிரைகள், அதன் மருந்து வண்டிக்கு இன்னும் ஆறு. ஆறு பீரங்கி உள்ள பேட்டரிக்கு, மாற்றுக் குதிரைகளையும் ஏறும் குதிரைகளையும் சேர்த்தால், நூறைத் தாண்டும். முகாமில் ஆட்களுக்கு முன் அவற்றுக்குத்தான் தீனி, தண்ணீர், உருவிவிடுதல். போரிலோ எதிரியின் துப்பாக்கிகள் அவற்றைத்தான் முதலில் தேடும். குதிரை விழுந்தால் பீரங்கி அங்கேயே நட்டுக்கொள்ளும் என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்.

சான்சலர்ஸ்வில்லில் அதுதான் நடந்தது. டில்கர் ஏறியிருந்த குதிரையே சுடப்பட்டு விழுந்தது. ஒரு பீரங்கியின் குதிரைகள் மடிந்ததால் அதை விட்டுவர வேண்டியதாயிற்று. மற்றவற்றைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, குறுகிய சாலைக்கு ஒன்று போதும் என்று ஒன்றை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டார். சுட்டதும் பீரங்கி தானே பின்னுக்கு உதைத்து நகரும். மிச்சத்தை ஆட்கள் கையால் இழுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அவருக்குத் தந்த வீரப்பதக்கத்தின் சான்றுரையும் இந்தக் கையால் இழுத்த ஒற்றைப் பீரங்கியைத்தான் சொல்கிறது.

தாக்குதலுக்கு முன், அன்று பிற்பகலில் நடந்தது எனக்கு இதைவிட வலிக்கிறது. ஜாக்சனின் படை சுற்றி வருகிறது என்று சந்தேகப்பட்டு டில்கர் தானே குதிரையேறி வேவு பார்க்கப் போனார். தென்னகக் குதிரைப்படை துரத்த, மயிரிழையில் தப்பி, தலைமையகத்துக்கு வந்து கண்டதைச் சொன்னார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிரி ஓடிக்கொண்டிருக்கிறான் என்று அவரையே திருப்பி அனுப்பினார்கள். மாலையில் கோர் உடைந்ததும் பழி முழுக்க ஜெர்மானியர் தலையில் விழுந்தது. 11ஆம் கோரில் பாதிக்கும் குறைவானவர்களே ஜெர்மானியர். ஆனாலும் ஓடியவர்கள் 'டச்சுக்காரர்கள்' (ஜெர்மானியரை அப்படித்தான் அழைத்தார்கள்) என்று பத்திரிகைகள் எழுதின. எச்சரித்தவரும் ஜெர்மானியர், கடைசி வரை நின்றவரும் ஜெர்மானியர் என்பதை அந்த வாரம் யாரும் தலைப்பில் போடவில்லை. கொச்சை ஆங்கிலம் பேசும் கேப்டன் சொன்னதைத் தளபதிகள் கேட்டிருந்தால் அந்த மாலை வேறு விதமாகப் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மிச்சப் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதே ஆண்டு ஜூலை 1 அன்று கெட்டிஸ்பர்க் ஊருக்கு வடக்கே எதிரியின் பேட்டரிகளோடு நேருக்கு நேர் மோதினார். 1864இல் வடக்குத் தளபதி ஷெர்மனோடு அட்லாண்டா நோக்கிப் போனார். பைன் மலையில் தென்னகத் தளபதி லியோனிடாஸ் போல்க்கைக் கொன்ற குண்டு இவருடையது என்பாரும் உண்டு, இந்தியானா பேட்டரியுடையது என்பாரும் உண்டு. போருக்குப் பின் 1869 முதல் 1873 வரை இல்லினாய் மாநிலத்தின் படை நிர்வாகத் தலைவர் (அஜுடன்ட் ஜெனரல்). பிறகு ஷெனான்டோவா பள்ளத்தாக்கில் ஃப்ரன்ட் ராயல் அருகே கிரீன்ஃபீல்ட் என்ற பண்ணையை வாங்கினார். ஒரு காலத்தில் எதிரியின் நிலமாக இருந்த வர்ஜீனியாவில், தான் நேசித்ததையே வளர்த்தார்: குதிரை. அங்கேதான் 1884இல் ஆன்டன் பிறந்தார்.

ஹூபர்ட்டுக்குப் பதக்கம் வந்தது 1893 ஆகஸ்ட்டில். ஏறக்குறைய அதே காலத்தில், பத்து வயதை எட்டும் ஆன்டனை ஜெர்மனிக்கு, அங்கே மணமாகிப் போயிருந்த அக்கா வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். எனக்கு இந்தக் கதையின் கீல் இதுதான். தந்தை புது நாட்டின் உச்சப் பதக்கத்தை மார்பில் குத்திக்கொள்ளும் வேளையில் மகனைப் பழைய நாட்டுக்குக் கப்பலேற்றுகிறார். அதில் துரோகம் எதுவும் இல்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரை மறப்பதில்லை. நல்ல பள்ளி, நல்ல மொழி, சொந்தங்களின் வீடு என்று பிள்ளைக்குத் தருவது அந்த ஏக்கத்தைத்தான். ஹூபர்ட்டுக்கு ஜெர்மனி இருபத்தைந்து வயதில் விட்டு வந்த நினைவு. ஆன்டனுக்கோ அது வளர்ந்த வீடு, நண்பர்கள், கனவு காணும் மொழி. தந்தையின் ஏக்கம் மகனுக்குத் தாய்நாடாகிவிட்டது.

ஆன்டன் மந்தமானவர் அல்ல. ஹைடல்பர்க்கில் மருத்துவம் முடித்து, அறுவை மருத்துவராகித் திசு வளர்ப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டார்; பால்கன் போரில் பல்கேரியர் பக்கம் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். தந்தையைப் போலவே ஜெர்மனியில் கற்ற உயர்ந்த தொழிலோடு அட்லான்டிக்கைத் தாண்டினார். இருவரும் தம் தொழிலில் கெட்டிக்காரர்கள். ஒப்புமை அங்கே முடிகிறது.

1915இல் அமெரிக்கா இன்னும் நடுநிலை நாடு. ஆனால் அதன் துறைமுகங்களிலிருந்து பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கப்பல் கப்பலாகப் போயின. மேற்குப் போர்முனையின் சேற்றில் பீரங்கியை இழுக்க அவைதான் வேண்டும். அந்த ஏற்றுமதியை நிறுத்தத்தான் செவி சேஸ் நிலவறை. கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தார்கள். ஒன்றரை இரண்டு அங்குல நீளம். தக்கையின் அடிப்பக்கத்தில் கூரான எஃகு ஊசி ஒன்று குத்தி, அதன் முனை திரவத்தில் மூழ்கியிருக்கும். குப்பி உடையாமலிருக்க மேலும் கீழும் பஞ்சு வைத்து, திருகு மூடி போட்ட மரப்பெட்டியில் போட்டார்கள். பால்டிமோர், நார்ஃபோக், நியூபோர்ட் நியூஸ் துறைமுகத் தொழுவங்களின் வேலியோரமாக நடந்து, தக்கையைப் பிடுங்கி, ஊசியால் குதிரையின் உடம்பில் ஒரு குத்து. மீதியைத் தீனித் தொட்டியிலும் தண்ணீரிலும் ஊற்றினார்கள்.

கிளாண்டர்ஸ் பிடித்த குதிரையின் மூக்கு ஒழுகும், தோலடியில் முடிச்சுகள் கட்டிப் புண்ணாகும், மூச்சு திணறும். அந்தக் காலத்தில் சுட்டுக் கொல்வதைத் தவிர வழி கிடையாது. அது மனிதருக்கும் தொற்றும், அடைப்பானும் அப்படியே. மனிதரைக் குறிவைக்கவில்லை என்பது திட்டம் போட்டவர்களின் கணக்கு. ஆனால் ஊசியைப் பிடித்தவர்கள் துறைமுகத்துக் கூலியாட்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். கையில் ரப்பர் உறை மட்டும்தான் காப்பு. அடிமைத்தனத்தை ஒழித்த படையில் நின்று பீரங்கி சுட்டவரின் மகன், அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கையில் அந்தக் குப்பிகள் போய்ச் சேரும்படி செய்தார். இந்தக் கதையில் நான் மன்னிக்கத் தயங்கும் இடம் இதுவே.

தந்தை சுட்டபோது எதிரி அவரைப் பார்த்தான். அவரும் எதிரியைப் பார்த்தார். தோற்றுப் பின்வாங்கும் சாலையில் தானும் விழலாம் என்ற கணக்கு அந்த ஒற்றைப் பீரங்கிக்குள்ளேயே இருந்தது. மகன் தன் ஊசி பட்ட ஒரு குதிரை விழுவதைக் கூடப் பார்த்திருக்கத் தேவையில்லை. குதிரை என்றால் என்னவென்று தெரியாதவரும் அல்ல அவர். கிரீன்ஃபீல்ட் தொழுவத்தில் பிறந்ததும் எழுந்து நிற்கத் தடுமாறும் குட்டிகளின் கால்களைப் பார்த்து வளர்ந்த பண்ணைப் பிள்ளை. பீரங்கி இழுக்கும் குதிரை விழுந்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த அறிவைத்தான் அவர் ஜெர்மனிக்குக் கொடுத்தார் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. நியாயமாகச் சொன்னால், அவருக்கு அது சொந்த நாட்டுக்கான சேவை. தந்தைக்கு எப்படியோ அப்படி. பிறப்புச் சான்றிதழை வைத்து மட்டும் அவரைத் துரோகி என்றால், அதே அளவுகோல் பாடன் படையை விட்டு வந்த ஹூபர்ட்டையும் பிறந்த மண்ணுக்கு அந்நியனாக்கிவிடும். எந்த நாட்டுக்கு என்பதை விட எப்படி, யாரை முன்னே தள்ளி என்பதில்தான் இருவரும் எனக்கு வேறுபடுகிறார்கள்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஆன்டன் மெக்சிகோ போனார், பிறகு மாற்றுப் பெயரில் ஸ்பெயின். உலகைச் சூறையாடிய இன்ஃப்ளூயன்சா 1918 அக்டோபர் 17 அன்று மாட்ரிட்டில் அவரைக் கொண்டுபோனது. போர் ஓய்ந்தது இருபத்தைந்து நாட்கள் கழித்து. கிருமியை ஆயுதமாக்கியவரைக் கிருமியே கொன்றது என்று சிலர் நிறைவோடு எழுதுவார்கள். முப்பத்து நான்கு வயதில் வேற்றூரில் மாற்றுப் பெயரோடு செத்தவரைப் பற்றி எனக்கு அப்படி எழுத வரவில்லை.

ஹூபர்ட் 1911இலேயே இறந்துவிட்டார். வாஷிங்டனின் ராக் கிரீக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நான்கு ஆண்டுகள் கழித்து மகன் வாடகைக்கு எடுத்த செவி சேஸ் வீடு அங்கிருந்து சில மைல் தூரத்தில் இருந்தது.