ஆமைத் தடத்தில் ஐம்பது ஆண்டுகள்

1973ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் சென்னைக் கடற்கரையில் சிலர் ராத்திரி நேரத்தில் நடக்கத் தொடங்கினார்கள். கிண்டியில் பாம்புப் பண்ணை நடத்திவந்த ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும்தான் அவர்கள். பகலில் பாம்பு, ராத்திரியில் ஆமை. நகரத்துக்குத் தெற்கே அப்போது வீடுகள் குறைவு. சவுக்குத் தோப்புகளும் மீனவக் குப்பங்களும்தான் அதிகம். அந்த இருட்டில் மைல் கணக்காக நடந்து, பங்குனி ஆமைகள் எங்கே கரையேறுகின்றன, எத்தனை முட்டையிடுகின்றன, அந்த முட்டைகள் என்ன ஆகின்றன என்று குறித்துக்கொண்டார்கள்.

முட்டைகள் என்ன ஆயின என்பதற்கு விடை எளிது. தோண்டி எடுக்கப்பட்டன. ஆமை ஏறி இறங்கிய தடத்தைப் பிடித்துப் போய், குச்சியால் மணலைக் குத்திப் பார்த்து, குச்சி சட்டென்று இறங்குகிற இடத்தில் தோண்டினால் நூறு முட்டைக்கு மேல் கிடைக்கும். அவை சாப்பாட்டுக்கும் விற்பனைக்கும் போயின. மனிதக் கை படாத குழிகளை நாய்கள் கிளறின. கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது 1977இல்தான். சட்டம் வந்து சேர்வதற்கு முன்பே சென்னைக் கரையில் காவல் தொடங்கிவிட்டது. முட்டை திருடுகிறவர் கண்டுபிடித்த அதே குச்சி வித்தையைக் கற்றுக்கொண்டு, அவருக்கு முன்னால் போய் முட்டையை எடுத்து, வேலி போட்ட ஓரிடத்தில் மறுபடி புதைப்பதுதான் அந்தக் காவல். 1974இல் முதல் பொரிப்பகம் அமைந்தது. பாம்புப் பண்ணையைச் சேர்ந்த வள்ளியப்பனும் விட்டேகரும் சோழமண்டலக் கரையின் ஆமைகளைப் பற்றி எழுதிய அறிக்கையும் அந்தக் காலத்தில் வந்ததே.

அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சதீஷ் பாஸ்கர் சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர். ஆனால் வகுப்பறையைவிடக் கடல்தான் அவரை இழுத்தது. ஆமை நடைக்கு வந்தார், படிப்பை விட்டார், ஆமையை விடவில்லை. விட்டேகர் அவரைக் களப்பணிக்குச் சேர்த்துக்கொண்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியக் கடற்கரையில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் அவர் நடந்தே அளந்திருக்கிறார். அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு என்று அவர் போகாத ஆமைக் கரை இல்லை என்றே சொல்லலாம்.

1982இல் மழைக்காலத்தில் பச்சை ஆமைகள் முட்டையிடுவதைப் பார்ப்பதற்காக, லட்சத்தீவின் சுஹேலி பகுதியிலுள்ள ஆளில்லாத தீவொன்றில் மாதக்கணக்கில் தனியாக இருந்தார். பருவமழை தொடங்கிவிட்டால் அங்கே படகு வராது, தெரிந்தேதான் இறங்கினார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். கடிதம் போட வழியில்லாததால் ஒரு பாட்டிலுக்குள் கடிதத்தை வைத்து அடைத்துக் கடலில் வீசினார். அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. கண்டெடுத்த மீனவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார். எழுதிய ஒரு மாதத்துக்குள் கடிதம் மனைவியின் கைக்கு வந்தது. இந்தியாவில் ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று இன்று ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வரைபடத்துக்கு அடித்தளம் பெரும்பாலும் இந்த மனிதரின் நடைதான். 2023இல் அவர் மறைந்தபோது, அவரைத் தெரிந்திருக்க வேண்டிய எத்தனையோ பேருக்கு அவர் பெயரே தெரிந்திருக்கவில்லை. அது வருத்தத்துக்குரியது.

ஒரு கல்லூரி மாணவரைப் பிடித்து நடக்க வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் சான்று அவர். ஆனால் அந்தப் பாடம் அப்போது யார் மனத்திலும் பதியவில்லை. 1970களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பொரிப்பகத்தை ஏற்றது. 1980களில் மாநில வனத்துறை ஏற்றது. இருவரிடமும் பணமும் ஆட்களும் இருந்தன. அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு திட்டம் என்றால் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அதிகாரி மாறுவார், ஒதுக்கீடு நிற்கும். 1980களின் கடைசியில் சென்னைக் கரையில் அரசுப் பொரிப்பகம் நின்றது. ஆமைகள் வழக்கம்போல வந்தன.

1988இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு இந்த இடைவெளியில் பிறந்தது. உலக வனவிலங்கு நிதியத்தின் சென்னை அலுவலகத்தில் இருந்த பிரெஸ்டன் அஹிமாஸ் ஊக்கம் தர, கார்த்திக் சங்கர் உள்ளிட்ட கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். அவர்களுக்குக் கட்டடம் இல்லை, வண்டி இல்லை, சம்பளம் பெறும் ஆளும் இல்லை. வனத்துறையின் அனுமதியும், நடக்கக் கால்களும் இருந்தன. அன்று தொடங்கியது இன்றும் ஓடுகிறது. நிறுவனங்களால் பத்தாண்டு தாக்குப்பிடிக்க முடியாத ஒரு வேலையை, நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிற மாணவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? ஆள் சேர்க்கும் முறையில்தான் விடை இருக்கிறது. விண்ணப்பம் கிடையாது, நேர்காணல் கிடையாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களுக்கான நடை இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். பள்ளிப் பிள்ளைகளோடு குடும்பமாக வருகிறவர்கள், ஐடி கம்பெனிக்காரர்கள், விடுதி மாணவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். நடைக்கு முன்பு மணலில் உட்கார வைத்து ஆமையைப் பற்றி விளக்கமாகப் பேசுவார்கள்: அதன் வாழ்க்கை, வலையில் சிக்கி அது சாகிற விதம், கரையோர விளக்குகள் குஞ்சுகளைக் குழப்பும் விதம். டார்ச் அடிக்கக் கூடாது, ஆமையைக் கண்டால் கத்தக் கூடாது, முன்னால் போய் நிற்கக் கூடாது என்ற விதிகளும் அங்கேயே சொல்லப்படும். பிறகு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் குப்பங்களைக் கடந்து போய்ச் சேரும்போது விடியற்காலை மூன்று, நான்கு மணி ஆகிவிடும்.

பல இரவுகளில் ஆமையே வராது. செத்த ஆமை மட்டும் கண்ணில் படும் இரவுகளும் உண்டு. முழு ராத்திரி கண் விழித்து, கால் வலிக்க நடந்து, ஒன்றையும் பார்க்காமல் வீட்டுக்குப் போன ஒருவர் அடுத்த வாரமும் வந்து நின்றால், அவர்தான் இந்த வேலைக்கான ஆள். எந்த நேர்காணலும் இவ்வளவு துல்லியமாகச் சல்லடை போடாது. அப்படி மறுபடி வருகிறவர்களிடம் வார நாட்களிலும் வர முடியுமா என்று கேட்கிறார்கள். பார்வையாளர் தன்னார்வலர் ஆவது அந்த இடத்தில்தான்.

அதன் பிறகு கற்றுக்கொடுப்பதும் நடந்தபடியே. ஆமைத் தடம் அகலமான டிராக்டர் சக்கரம் ஓடிய மாதிரி ஈர மணலிலிருந்து மேலே ஏறும். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே கலைந்த மணலில் மெல்லிய கம்பை அழுத்தும் பக்குவம் வர நாளாகும். அவசரப்பட்டுக் குத்தினால் முட்டை உடையும். முட்டை தெரிந்ததும் கம்பை ஒதுக்கிவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். குழியின் ஆழத்தையும் வடிவத்தையும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற அதே வடிவத்தில் இன்னொரு குழி வெட்டியாக வேண்டும். முட்டைகளை உருட்டாமல், குலுக்காமல், சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தேதி, எடுத்த இடம், முட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய அட்டை ஒவ்வொரு குழியின் மேலும் நிற்கும். 45 நாள் நெருங்கும்போது குழிமேல் கூடையைக் கவிழ்த்து வைத்து, பொரிந்து வரும் குஞ்சுகளை எண்ணிக் கடலில் விட வேண்டும். புதிதாக வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் இரண்டாவது வருடமே இந்தப் பொறுப்புகள் வந்துவிடுகின்றன. சீக்கிரம் போய்விடுவார்கள் என்று தெரிந்ததால் சீக்கிரமே நம்பி ஒப்படைத்தார்கள். இந்த அமைப்பு இத்தனை நாள் நின்றதற்கு அந்த நம்பிக்கைதான் முதல் காரணம்.

தடைகளும் சிறியவை அல்ல. ஆமைக்கும் தேர்வுக்கும் ஒரே பருவம். பிப்ரவரி, மார்ச்சில் முட்டைகள் குவியும்போது மாணவர்கள் புத்தகத்தோடு இருக்க வேண்டும். மகளை ராத்திரி முழுவதும் கடற்கரைக்கு அனுப்பப் பெற்றோர் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். கூட்டமாக நடப்பதும், அனுபவப்பட்டவர்கள் எப்போதும் உடன் இருப்பதும் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன. போய்விடுகிற மாணவர்களுக்கு நடுவே போகாமல் நின்ற சிலரும் வேண்டியிருந்தது. நெடுங்காலமாக இந்த நடையை ஒருங்கிணைத்துவரும் வி. அருண் திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளியையும் மலையைப் பசுமையாக்கும் வேலையையும் நண்பர்களோடு நடத்துகிறவர். ஆமைப் பருவத்தில் சென்னைக் கரையில் அவரைப் பார்க்கலாம். கார்த்திக் சங்கர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஆனார். சர்வதேசக் கடலாமைச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015இல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார்.

இதே கரையில் இன்னொரு முறையும் வளர்ந்தது. 2002இல் நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் குப்பத்து இளைஞர்களிடம் போனது. கடலாமைப் பாதுகாப்புப் படை என்று அவர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ராத்திரிக் காவலுக்கு ஊக்கத்தொகையும் கொடுத்தது. பிறகு ஆந்திரம், ஒடிசா கரைகளுக்கும் அது பரவியது. பணம் வாங்கினால் அது தன்னார்வமா என்று கேட்கிறவர்கள், விடியற்காலையில் படகேற வேண்டிய ஒருவரின் தூக்கத்துக்கு என்ன விலை என்றும் யோசிக்க வேண்டும். நகரத்து மாணவருக்கு ஓய்வு நேரம் இருக்கிறது. மீனவர் பிள்ளைக்கு இருப்பது வேலை நேரம். ஆமையையும் மணலையும் தலைமுறைகளாக அறிந்தவர்களை, காசு கொடுக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக வெளியே நிறுத்துவது நியாயமில்லை. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சென்னைக் கரையின் நல்வாய்ப்பு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது.

முட்டையை இடம் மாற்றுவது பற்றியே கேள்விகள் உண்டு. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29, 30 டிகிரிக்கு மேல் போனால் பெண் குஞ்சுகளே மிகும். வேலிக்குள் நெருக்கமாகப் புதைத்த குழிகள் தாய் தேர்ந்தெடுத்த இடத்துக்கு ஈடாகுமா? முடிந்தவரை முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சென்னையில் இட்ட இடம் என்பது நாய்களும் தெருவிளக்குகளும் சாலையும் சூழ்ந்த ஒரு துண்டு மணல். வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிக் குஞ்சுகள் ரோட்டுக்குப் போய்விடும். ஆகவே பொரிப்பகம் தொடர்கிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், இத்தனை ஆண்டு நடையால் கடலுக்குக் கிடைத்த ஆமைகளைவிட, ஊருக்குக் கிடைத்த மனிதர்கள் அதிகம். ஆசிரியர்களாக, ஆய்வாளர்களாக, வழக்கறிஞர்களாக எங்கெங்கோ வேலை பார்ப்பவர்களில் பலர் முதன்முதலில் ஓர் உயிரை அதன் இருட்டில் பார்த்தது இந்தக் கரையில்தான்.

2025 ஜனவரியில் கரையில் நடக்கிறவர்களுக்கு வேறு வேலை வந்தது. சென்னையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த உடல்கள், மூச்சுக்கு மேலே வர முடியாமல் வலைக்குள் மூழ்கிச் செத்ததற்கான அடையாளங்களைக் காட்டின. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவைமடி போடக் கூடாது என்பது விதி. மீறல்கள்தான் இத்தனை சாவுக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரசு ரோந்தை முடுக்கியது. ஒவ்வொரு ராத்திரியும் கரையில் ஆள் நடந்ததால்தான் பிணங்கள் எண்ணப்பட்டன. வழக்கத்தைவிட இது எவ்வளவு மோசம் என்று சொல்ல, நடையில் முன்பு குறித்து வைத்த கணக்குகள் இருந்தன.

கரையில் நடக்கிறவர்களால் கடலுக்குள் நடப்பதைத் தடுக்க முடியாது. ஆமை தப்பிக்க வலையில் வழிவைக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பொருத்தினால் மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்பது விசைப்படகுக்காரரின் கவலை. அந்தக் கவலையை அதிகாரியின் அபராதச் சீட்டு தீர்க்காது. கூடவே படகில் ஏறி, ஒரு மடி இழுப்பில் எவ்வளவு மீன் போகிறது என்று எண்ணிக் காட்டுகிற ஒருவர் வேண்டும்; அவரும் காசிமேட்டுக்காரராகவே இருந்தால் நல்லது. பெசன்ட் நகரில் மாணவர்களையும் நீலாங்கரையில் குப்பத்து இளைஞர்களையும் கண்டுபிடித்த இயக்கம் அடுத்து ஆள் தேட வேண்டிய இடம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம்.