போதிதர்மர் மரபும் ஜப்பானியப் போர்க்கலை மெய்யியலும்

ஜப்பானிய வாள்வீச்சு, வில்வித்தை, கராத்தே ஆகியவற்றின் அகப்பயிற்சி பெரும்பாலும் ஜென் பௌத்தத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஜென் மரபின் முதல் ஆசான் போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது தமிழகத்தில் வேரூன்றிய நம்பிக்கை. 547ஐ ஒட்டிய சீன நூலொன்று அவரைப் பாரசீகர் என்கிறது. சீடர் வழிக் குறிப்போ தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சியின் பெயர் இரண்டிலும் இல்லை. சீனாவின் ஷாவோலின் மடத் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி கற்பித்ததற்கு மூலமாகக் காட்டப்படும் ‘யிஜின் ஜிங்’ என்ற நூல் 1624ஐ ஒட்டி எழுந்தது என்பர்.

சீனாவிலிருந்து வந்து 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் வேரூன்றிய ஜென், சாமுராய் ஆட்சியாளரின் ஆதரவைப் பெற்றது.

ஜென் சார்ந்த போர்க்கலை மெய்யியல் தெளிவாகப் பதிவானது 17ஆம் நூற்றாண்டில். ஜென் துறவி தக்குவான் சோஹோ (1573–1645) ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுனின் ஆணையை எதிர்த்து 1629இல் நாடுகடத்தப்பட்டு, 1632இல் மன்னிக்கப்பட்டவர். ஷோகுனின் வாளாசிரியர் யாக்யூ முனேனோரிக்கு அவர் எழுதிய மடலின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. எதிரியின் வாளில் மனம் நின்றால் அந்த வாளே மனத்தைப் பிடித்துக்கொள்ளும், தன் வாளில் நின்றாலும் அதே கதிதான் என்பது மடலின் சாரம். ஆயிரங்கைக் கன்னோனைச் சான்று காட்டுகிறார்: வில்லேந்திய ஒரு கையில் மனம் தங்கிவிட்டால் மற்ற 999 கைகளும் பயனற்றவை. கன்னோன் நம் போதிசத்துவர் அவலோகிதரே. அகத்தியர் தமிழ் கேட்டது அவரிடம் என்று 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் கூறுவது இங்கே நினைக்கத்தக்கது. முனேனோரி 1632இல் முடித்த நூல் இன்னும் கூர்மையானது. வெல்ல வேண்டும் என்ற எண்ணம் நோய், திறமையைக் காட்டும் ஆசை நோய், இந்நோய்களை ஒழித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் நோய் என்கிறார்.

வாளிலிருந்து மற்ற இரு கலைகளுக்கு வந்தால், ஓகினாவாவில் வளர்ந்த கராத்தேயை ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டினார். வில்வித்தையை ஜென்னாகவே விளக்கிய ஓய்கன் ஹெர்ரிகலின் ஜெர்மன் நூல் 1948இல் வந்தது. அவருடைய ஆசான் ஜென் பயின்றவரே அல்லர் என்று பிற்கால ஆய்வாளர் மறுத்தனர்.

தமிழகத்தில் ‘7ஆம் அறிவு’ திரைப்படம் (2011) போதிதர்மர் கதையைப் பரவலாக்கியது. காஞ்சி செல்லும் சாலையில் உள்ள பூந்தமல்லியிலும், ஆவடி, அம்பத்தூரிலும் கராத்தே வகுப்புகள் வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகின்றன; கண்மூடி அமரும் மொக்குசோவும் சில இடங்களில் உண்டு. கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி அமா சாமி 1996இல் நிறுவிய போதி ஜென்டோவில் ஜென் தியானம் பயிற்றுவிக்கப்படுகிறது.