ஜார்ஜ் முல்லரின் விசுவாச ஊழியம்

ஜார்ஜ் முல்லர் (1805–1898) இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், எவரிடமும் நன்கொடை கேட்காமல், ஜெபத்தை நம்பி அநாதை இல்லங்களை நடத்திய கிறிஸ்தவப் போதகர். தேவைகளை தேவன் சந்திப்பார் என்ற உறுதியில் நடக்கும் ‘விசுவாச ஊழியம்’ பற்றிய பேச்சில் இவர் பெயர் வராமல் இருப்பது அரிது.

பிரஷ்யாவில் பிறந்தவர். தந்தை அரசு வரி வசூலிப்பவர். அவர் பொறுப்பிலிருந்த பணத்தை மகன் திருடியதுண்டு. விடுதிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் 16 வயதில் சிறைக்கும் போனார். பின்னாளில் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியவரின் இளமை இது! ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 1825இல் மனந்திரும்பினார். அவ்வூரில் ஃபிராங்கே என்ற போதகர் தொடங்கிய அநாதை இல்லமே பிறகு இவருக்கு முன்மாதிரி. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனரி சீகன்பால்கும் ஃபிராங்கேயின் மாணவரே.

1830இல், இங்கிலாந்தில் போதகராக இருந்த முல்லர், சபை தந்த சம்பளத்தை வேண்டாமென்றார். 1836இல் பிரிஸ்டலின் வில்சன் தெருவில் முதல் இல்லம் திறந்தது. பிள்ளைகளைக் காப்பது தம் இரண்டாம் நோக்கமே என்று வெளிப்படையாக எழுதினார். தேவன் இன்றும் வாக்கு மாறாதவர் என்பதற்குக் கண்கூடான சான்று வைப்பதே முதல் நோக்கம். கடன் வாங்குவதில்லை, தேவையை வெளியாருக்குச் சொல்வதில்லை என்பன விதிகள்.

இந்த விதிகளைக் கடைப்பிடிப்பது எளிதாக இல்லை. 1838 செப்டம்பரில் கையிருப்பு தீர்ந்தது. ஊழியர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டார்கள். 18ஆம் தேதி பிற்பகல் ஒரு பெண்மணி வந்து, லண்டன் பக்கத்திலிருந்து தம் மகள் கொடுத்தனுப்பிய 3 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்சைக் கொடுத்தார். அந்தப் பெண்மணி பிரிஸ்டலுக்கு வந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. தங்கியிருந்ததோ இல்லத்தின் பக்கத்து வீட்டில். பணம் சுவருக்கு அப்பால் இருக்க, ஜெபம் இப்பால் நடந்திருக்கிறது. அந்தத் தாமதத்தையும் முல்லர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

வரவு செலவை அச்சிட்ட அறிக்கைகளே மறைமுக வேண்டுகோள்கள்தாம் என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமில்லாமல் இல்லை. அறிக்கையைப் படித்துப் பணம் அனுப்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் 1841 இறுதியில், பணமுடை கடுமையாக இருந்த நேரத்தில், அது யாசகமாகத் தோன்றக் கூடாதென்று அறிக்கையையும் ஆண்டுக் கூட்டத்தையும் அவர் தள்ளிப்போட்டார். வசூலே குறியாக உள்ளவர் செய்யும் காரியமல்ல அது.

1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. ஒரே நேரத்தில் 2,050 பிள்ளைகளுக்கு இடமிருந்தது. முல்லரின் காலத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் அவருடைய இல்லங்களில் வளர்ந்தனர்.

இந்த விசுவாச ஊழியப் போக்கு தமிழகத்துக்கும் வந்தது. முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் இந்தியாவில் ஊழியம் செய்தார். அவரோடு பழகிய தமிழ் ஊழியர் ஜான் அருளப்பன் மிஷன் சம்பளத்தைச் சாராமல், மதுரைக்குத் தெற்கே கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு உழைத்தார். அங்கிருந்து 1860இல் கிளம்பிய எழுப்புதல் திருநெல்வேலிச் சபைகள் வரை பரவியது.