பின்பாட்டு

கூட்டமைப்பு மலருக்கு வரலாறு என்று ஒரு கட்டுரை வேணும், நீங்கதான் எழுதணும் என்று செயலாளர் அக்கா போனில் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சரிக்கா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்போது எழுதுவது என்ற யோசனை வந்தது. விடியக்காலை வாசல் தெளித்துக் கோலம், பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது, பகலில் குழுக் கணக்கு, சாயங்காலம் மாடு, ராத்திரியானால் கண் எரிச்சல். பதினேழு வருஷமாக ஊர்க் கணக்கை எழுதுகிறவளுக்குத் தனக்கென்று ஒரு பக்கம் எழுத நேரமில்லை. அப்போதுதான், இந்த நேரத்தைப் பற்றியே எழுதினால் என்ன என்று தோன்றியது.

தர்மபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் குழுக்கள் 1997-98-இலிருந்து மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்த கதை, அதை ஒட்டி நம்ம தேனி மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன கதை, எத்தனை குழு, எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது. பெண்களுக்குப் பாட்டுக் கட்டவும் கதை எழுதவும் நேரம் எங்கிருந்து வந்தது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அதைத்தான் எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

என் அம்மா பாட்டுக்காரி. மேடைப் பாட்டு இல்லை, நடவுப் பாட்டு. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிய பிறகுதான் நம்ம பள்ளத்தாக்கு இரண்டு போகம் விளைகிற பூமியாக உறுதிப்பட்டது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் என்று வருஷா வருஷம் தண்ணீர் திறக்கும்போது பேப்பரில் போடுவார்கள். பென்னிகுவிக் துரைக்குப் பொங்கல் வைக்கிறோம், வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஏக்கர் அத்தனையிலும் குனிந்து நாற்று ஊன்றியது பொம்பளைகள் கைதான்.

நடவு எப்படி நடக்கும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. முதல் நாற்றை ஊன்றும்போது குலவை போடுவார்கள். பிறகு இருபது பேர், முப்பது பேர் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி ஒரு அடி எடுத்துப் பாடுவாள். மற்றவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அதற்குப் பின்பாட்டு என்று பெயர். வரப்பு வேப்ப மரத்தில் கட்டின தூளியில் என் தம்பியை ஆட்டிக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். அம்மா ஒரு அடி விடுவார், முப்பது குரல் அதைத் திருப்பிச் சொல்லும், அது முடிகிற நேரத்தில் அடுத்த அடி அம்மா வாயில் தயாராக இருக்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு அது புரிந்தது. மற்றவர்கள் திருப்பிப் பாடுகிற அந்த நாலு மூச்சு நேரம்தான் அம்மாவுக்குப் பாட்டுக் கட்டக் கிடைத்த நேரம். வீட்டிலும் கிடைக்காது, கிணற்றடியிலும் கிடைக்காது. வேலைக்கு நடுவிலேயே, கூலியும் குறையாமல், முப்பது பேர் சேர்ந்து அம்மாவுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தார்கள்.

மற்ற பாட்டுகளும் அப்படித்தான். தாலாட்டுப் பாட பிள்ளை அழணும். மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுத்தால் கும்மி. ஒப்பாரிக்குச் சாவு விழணும். வாழ்கிற வீட்டில் வாய் திறக்க முடியாதவள் இழவு வீட்டில் மாரடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பாடிவிடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. மாமியார் செய்ததை மாமியார் பிணத்தின் முன்னாலேயே பாடி இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, தன் தாய் சின்னத்தாயம்மாள் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்ததைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்து, பிறகு டீக்கடை ரேடியோ எல்லாம் அந்தப் பாட்டாகவே கேட்டபோது, நம்ம வயக்காட்டுக் குரல் ரேடியோவில் வருதே என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். மகன் பேர் உலகத்துக்கே தெரியும், அவர் பாடுபட்டதும் பெரிசு. அவர் காதுக்கு முதலில் பாட்டைக் கொண்டுபோனவர்களில் எத்தனை அம்மாக்கள் பேர் நமக்குத் தெரியும்?

அப்புறம் அந்த நேரம் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. நடவு ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் ஆனதும், சீக்கிரம் முடித்தால் அடுத்த வயலுக்குப் போகலாம் என்ற அவசரம் வந்தது. மூச்சு வாங்கும்போது பாட்டு வராது. இப்போது நடவு மிஷினும் வந்துவிட்டது. மலையில் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகவோ போய்ப் பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். ஏலச் செடியின் தூரில் சரம் ஓடியிருக்கும், அடியில் குந்தித்தான் காய் பறிக்கணும். ஆளுக்கொரு தூர், செடி மறைப்பு வேறு, ஒருத்தி குரல் இன்னொருத்திக்குப் போகாது. ஜீப்பில் பாடலாமே என்று கேட்பீர்கள். அத்தனை பேரை அடைத்து ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்புகிற வண்டியில் தூக்கம்தான் வரும், இல்லாவிட்டால் பயம் வரும்.

எனக்கு எழுத்து தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் கைவந்தது. ஐந்தாவதோடு நின்றவள், விட்ட இடத்தில் பிடித்தேன். குழுவில் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு, பழைய நோட்டின் பின்பக்கத்தில் சொந்தமாகப் பாட்டு எழுதினேன், அம்மா பாடி நினைவில் இருந்ததையும் எழுதினேன். ஒரு நாள் அந்த நோட்டு வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. மாமியார் பற்றவைத்தார். அவர் மேல் குற்றமில்லை. எழுதின தாள் எது, எழுதாத தாள் எது என்று அவருக்குத் தெரியும், எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. கணக்கு முடிஞ்ச நோட்டுன்னு நெனச்சேன் தாயி என்றார். அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும், கரண்ட் பில், பஸ் டிக்கெட், ஜவுளிக்கடை நோட்டீஸ் எதுவானாலும், இது வேணுமாத்தா என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைத்தார். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். திரும்பக் கேட்டு எழுத ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள் கதையை நூலகத்தில் படித்தேன். 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடமே போகவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்க்கை. பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொந்தமாகக் கதை கட்டிச் சொல்வார். கதை உண்டு, எழுதத் தெரியாது. பட்டம்மாள் என்ற தோழி கூடவே உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். அப்படி வந்ததுதான் ‘இந்திர மோகனா’ நாடகம், 1924-இல் அச்சானது. அதற்கு அடுத்த வருஷம் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தினார். கணவர் ஒத்தாசையாக இருந்தார் என்பதையும் சொல்லணும். மொத்தம் 115 நாவல். நடுவில் சுதந்திரப் போராட்டம், சிறைவாசம் எல்லாம் உண்டு. 1960-இல் காலமானார்.

115 நாவலைப் பார்த்து மலைத்துப்போனேன். ஆனால் என் மனசில் நின்றது பட்டம்மாள்தான். அந்த அம்மாளுக்கும் வீடு இருந்திருக்கும், அடுப்பு இருந்திருக்கும். தன் நேரத்தை எடுத்து இன்னொருத்தி கதைக்குக் கொடுத்திருக்கிறார்.

நம்ம காலத்திலேயே சல்மா இருக்கிறார். 1968-இல் பிறந்தவர், திருச்சிப் பக்கம் துவரங்குறிச்சி. பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். மளிகைச் சாமான் மடித்து வந்த தாளைக்கூட விடாமல் படித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் எழுதக் கூடாது என்று தடை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கழிப்பறைக்குள் நின்றுகொண்டே கவிதை எழுதினார். எழுதியதைத் துணிக்குள் ஒளித்து வைப்பார். அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் பத்திரிகைக்குச் சேர உதவியவர் அவருடைய அம்மா. வீட்டுக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று வைத்துக்கொண்ட புனைபெயர்தான் சல்மா. 2000-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2001-இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதால், வீட்டில் உள்ளவர்களே அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள், ஜெயித்தார். 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது. 2025-இல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார்.

சல்மாவின் துணிச்சலை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த அம்மா வாசலைத் தாண்டுகிற காட்சிதான் கண்ணில் நிற்கிறது. மகள் எழுதியதில் எல்லாமே அவருக்குச் சம்மதமாக இருந்திருக்குமோ என்னவோ. ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

இதைப் படித்த பிறகு எங்கள் குழுவில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எங்கள் குழுவில் ஒரு மதினி இருக்கிறார். ஏலத் தோட்டத்து வேலை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஜீப்பிலிருந்து இறங்கி, தூக்குவாளியோடு நேராக வந்துவிடுவார். கையெழுத்து மட்டும் போடுவார். அவர் பாட்டுக் கட்டுவார் என்று தெரியும், ஆனால் ஒரு நாள் சேமிப்புப் பணம் எண்ணும்போது அவர் வாய்க்குள் முணுமுணுத்ததைக் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது. அது என் அம்மா பாட்டு. சின்னப் பிள்ளையாக நடவுக்குப் போனபோது அம்மாவுக்குப் பின்பாட்டுப் பாடினவராம்.

எழுதிக்கிறேன் மதினி, சொல்லுங்க என்றேன். சொல்லுன்னா வராது, பாடுனாத்தான் வரும் என்றார். பாடினால் என் பேனா பின்தங்கியது. நிறுத்தச் சொன்னால் அவருக்கு அடுத்த அடி மறந்துபோனது. நீ பிடிச்சுக்க, நான் பாடிட்டுப் போறேன் என்பார். ரெண்டு வாரம் இப்படியே போனது. ஒரு பிள்ளை செல்போனில் பதிவு பண்ணிக் கொடுத்தது, போனை மாற்றினபோது எல்லாம் அழிந்தது. மூன்றாம் வாரம், சும்மா உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் அவர் பாடின அடியைத் தாங்களாகவே திருப்பிப் பாடினார்கள். அவர்கள் திருப்பிப் பாடி முடிப்பதற்குள் நான் எழுதி முடித்துவிட்டேன். மதினியும் அதற்குள் அடுத்த அடிக்கு வந்துவிட்டார்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. கடன் பாக்கி நிக்குது, இங்க பாட்டுக் கச்சேரியா என்று ஒரு அக்கா சத்தம் போட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அந்த மாசம் மூன்று பேர் தவணை கட்டவில்லை. வங்கியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கடைசியில், கணக்கு முடித்துப் பெட்டியைப் பூட்டின பிறகு அரை மணி நேரம், இருக்கிறவர்கள் இருக்கலாம், போகிறவர்கள் போகலாம் என்று பேசி முடித்தோம். பாட்டு நோட்டு குழுப் பெட்டியில் இருக்கக் கூடாது, தீர்மான நோட்டிலும் ஏறக் கூடாது என்றார். ஒத்துக்கொண்டேன். அதனால் இந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுத்தில் வருவது இந்த மலரில்தான் முதல் தடவை. அந்த நேரத்தில் மதினி வீட்டு உலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்துவிடுகிறாள். என் மாட்டுக்கு என் வீட்டுக்காரர் தண்ணி காட்டுகிறார், முனகிக்கொண்டேதான்.

இதுவரைக்கும் அறுபத்தொரு பாட்டு எழுதியாகிவிட்டது. பாதிக்கு மேல் மதினி சொந்தமாகக் கட்டியது. ஜீப்பைப் பற்றிக்கூட ஒன்று இருக்கிறது. அம்மா பாட்டு பதினாலு. பின்பாட்டுப் பாடினவருக்குத் திரும்பி வருகிற அடிகள் நல்லா நினைவிருக்கிறது. அம்மா மட்டும் தனியாகப் பாடின சில இடங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. அந்த இடங்களில் கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் நடவுக்குப் போன பெண்கள், சின்னமனூர், தேவாரம், போடி என்று பல ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருப்பார்கள். இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும். உங்கள் குழுவிலோ உங்கள் வீட்டிலோ அப்படி யாராவது இருந்தால், கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். செவ்வாய் தவிர எந்த நாளானாலும் நோட்டோடு நான் வருகிறேன்.