பதிவேட்டிலிருந்து வெளியேறுதல்: கொடுங்குற்ற வழக்கில் சிக்கிய சிறாரும் மறுவாழ்வுச் சட்டமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு லேத் பட்டறைகளில் வேலைக்குச் சேர்பவரிடம் பெரும்பாலும் ஆதார் அட்டையோடு கேள்விகள் முடிந்துவிடும். அதே இளைஞர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஆவடியிலுள்ள மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றுக்கோ ரயில்வேக்கோ துணை ராணுவப் படைக்கோ விண்ணப்பித்தால், படிவத்தில் ஒரு கேள்வி காத்திருக்கிறது: 'உங்கள் மீது எப்போதேனும் குற்ற வழக்கு பதிவு செய்யப்பட்டதா?' பதினேழு வயதில் ஒரு கொலை வழக்கில் சேர்க்கப்பட்டு, சிறப்பு இல்லத்தில் காலத்தைக் கழித்து வெளிவந்தவர் அங்கே என்ன எழுதுவது? இக்கேள்விக்குச் சட்டம் சொல்லும் விடையும் காவல் நிலையம் சொல்லும் விடையும் வேறுவேறானவை. இடையில் நிற்பவர்களில் நம் சேரி இளைஞர்கள் கணிசமானவர்கள் என்பதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் குற்றங்களைச் சிறு குற்றம், கடுங்குற்றம், கொடுங்குற்றம் என மூன்றாகப் பிரிக்கிறது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டுகளோ அதற்கு மேலோ உள்ளவை கொடுங்குற்றங்கள். கொலை அதில் அடங்கும். குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்படாத கொலை முயற்சி அடங்காது. ஷில்பா மிட்டல் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இந்த வேறுபாட்டை அறியாமல் கொலை முயற்சி வழக்கிலும் சிறுவனைப் பெரியவர்போல விசாரிக்கக் கோரும் மனு வந்தால், வழக்கறிஞர் முதல் நாளிலேயே அதை எதிர்க்க வேண்டும்.

பதினாறு வயது நிரம்பியவர் மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால், பிரிவு 15-இன்படி இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதனிலை மதிப்பீடு செய்யும். அதன் முடிவில் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். குழுமத்திலேயே வழக்கு முடிந்தால் உச்சபட்சம் மூன்றாண்டுகள் சிறப்பு இல்லம். சிறார் நீதிமன்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டால், மரண தண்டனையும் விடுதலை வாய்ப்பற்ற ஆயுள் தண்டனையும் தவிர எதுவும் விதிக்கப்படலாம். இருபத்தொரு வயது வரை பாதுகாப்பிடத்தில் வைக்கப்படுவார். 2012 டிசம்பர் டெல்லிப் பாலியல் வன்கொலை வழக்கில் ஒரு சிறார் மூன்றாண்டுகள் முடித்து வெளிவந்தது 2015 டிசம்பர் 20 அன்று. இரண்டே நாட்களில் மாநிலங்களவை இச்சட்டத்தை நிறைவேற்றியது. கோபம் எழுதிய சட்டம் என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

ஆயினும் அதே சட்டத்தின் பிரிவு 3, 'புதிய தொடக்கம்' என்ற கோட்பாட்டை அறிவிக்கிறது: சிறப்புச் சூழல்கள் தவிர, சிறாரின் பழைய பதிவுகள் அனைத்தும் அழிக்கப்பட வேண்டும். பிரிவு 24, குற்றத் தீர்ப்பால் வரும் எந்தத் தகுதியிழப்பும் சிறாரைச் சேராது என்கிறது. பிரிவு 74, வழக்கு முடிந்த பின் நன்னடத்தைச் சான்றிதழுக்காகவோ வேறெதற்காகவோ காவல்துறை அந்தப் பதிவை வெளியிடக் கூடாது எனத் தடுக்கிறது. மத்திய ஆயுதப் படை ஒன்றின் பணி நியமனம் தொடர்பான ரமேஷ் பிஷ்னோய் வழக்கில், சிறுவயது வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. படிவத்தின் கேள்வியை எதிர்கொள்ளும் இளைஞர் கையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஆனால் நடைமுறை மூன்று இடங்களில் ஓட்டையாக இருக்கிறது.

ஒன்று, காலம். 2016-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள், குற்றத் தீர்ப்புப் பதிவை மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரையோ ஏழாண்டுகளோ வைத்திருந்து பின் அழிக்கச் சொல்கின்றன. பதினெட்டு வயதில் தீர்ப்புப் பெற்றவருக்கு ஏழாண்டு என்பது இருபத்தைந்து வயது. ஒரு மனிதர் வேலை தேடும் காலம் முழுவதும் அந்தக் கோப்பு அலமாரியில் உயிருடன் இருக்கிறது.

இரண்டு, பெரியவர்களுடன் சேர்த்துப் போடப்படும் வழக்கு. சாதாரணமாகச் சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. கொடுங்குற்றமோ, பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததாகக் கூறப்படும் குற்றமோ இருந்தால் பதியலாம் என்று விதி விலக்களிக்கிறது. நம் புறநகர்களில் பழிக்குப் பழி கொலைகளில் சிக்கும் சிறுவர் பெரும்பாலும் பெரியவர்கள் திட்டமிட்ட சம்பவத்தில் வண்டி ஓட்டியவராகவோ, ஆள் காட்டியவராகவோ இருக்கிறார். பெரியவர்களின் வழக்கு அமர்வு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடக்கும். அந்த ஆவணங்களிலும் தீர்ப்பிலும் சிறுவனின் பெயர் மறைக்கப்படாமல் வந்துவிட்டால், குழுமத்தின் கோப்பை அழித்து என்ன பயன்? இணையத்தில் பெயரைத் தேடுகிற எந்த நிறுவனத்துக்கும் அது கிடைத்துவிடும்.

மூன்றாவதுதான் சட்டமே திறந்துவைத்த ஓட்டை. பதினாறு வயதுக்கு மேற்பட்டு, பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவருக்குப் பிரிவு 24-இன் பாதுகாப்பு கிடையாது. அவருடைய பதிவும் அழிக்கப்படாது. இத்தனைக்கும் பிரிவு 20-இன்படி, இருபத்தொரு வயதில் அவர் திருந்தியிருக்கிறாரா என்று சிறார் நீதிமன்றமே ஆராய்ந்து, திருப்தியுற்றால் விடுவிக்கலாம். 'நீ திருந்திவிட்டாய்' என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகும், அரசு வேலைக்கான தகுதியிழப்பு அவரைத் தொடர்கிறது. இந்த முரணை நியாயப்படுத்தும் எந்த வாதத்தையும் நாங்கள் இதுவரை கேட்டதில்லை.

இனி நிலவியல். அம்பத்தூர், 2011 முதல் சென்னை மாநகராட்சியிலும் 2018 முதல் சென்னை மாவட்டத்திலும் இருக்கிறது. அதன் காவல் எல்லையோ, 2022 ஜனவரி 1 அன்று தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தில் இருக்கிறது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். எந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பொறுப்பு, எந்த நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வர வேண்டும் என்பதிலேயே குடும்பங்கள் அலைந்து ஓய்ந்துவிடுகின்றன. கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டு அத்திப்பட்டிலும் கூடப்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் என்றால், முகவரியே பாதிச் சந்தேகத்தை எழுப்பிவிடுகிறது.

காவல் நிலையத்தில் அடுத்த கட்டம் வேறொரு பதிவேடு. ரவுடிப் பட்டியல், சரித்திரப் பதிவேடு என்று அழைக்கப்படும் அதில் பெயர் ஏற நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. தேர்தலுக்கு முன்னும் தலைவர்கள் பிறந்தநாளுக்கு முன்னும் வீட்டுக் கதவு தட்டப்படும். நன்னடத்தைப் பிணை கேட்டு முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டப் பிரிவு 110-இலும் இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 129-இலும் அழைப்பாணை வரும்; அதையும் தாண்டினால் 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம். அமானதுல்லா கான் வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், விளிம்புநிலைச் சமூகத்தினரின் பெயர்கள் சாதிச் சார்புடன் இத்தகைய பதிவேடுகளில் ஏற்றப்படுவதைத் தானாகவே கவனத்தில் கொண்டு, மாநிலங்கள் தங்கள் விதிகளை மறுபரிசீலனை செய்யக் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் சிறைப் பதிவேடுகளின் சாதிப் பத்தியை நீக்க உத்தரவிட்டது. ஒருபுறம் சாதி பார்த்துப் பெயர் ஏறுகிறது; மறுபுறம், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கைதாகும் சிறாரின் கல்வியையும் குடும்பச் சூழலையும் வெளியிடுகிறதே தவிர, சாதியை வெளியிடுவதில்லை. நாம் கண்ணால் காண்பதை எண்ணால் நிறுவ வழியில்லை.

இல்லங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் செங்கல்பட்டு சாட்சி. ரயில்வே பேட்டரி திருடியதாகக் கொண்டுவரப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன், 2022 டிசம்பர் 31 அன்று அரசு இல்லத்தில் தாக்கப்பட்டு இறந்தான். கண்காணிப்பாளர் உள்ளிட்ட ஊழியர்கள் கைதாயினர். அதன் பிறகே நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2023 நவம்பரில் அது அறிக்கை அளித்தது. மறுவாழ்வு பற்றிய பேச்சு, உயிரோடு வெளியே வருவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களும் சிறார்களே. அவர்களுக்கும் இந்தப் 'புதிய தொடக்கம்' உண்டா? உண்டு என்றே நாம் சொல்ல வேண்டும். அவர்களைப் பெரியவர்களாகத் தண்டிக்க வேண்டும் என்று நாம் திறக்கும் கதவு வழியாக நாளை அத்திப்பட்டுச் சிறுவனே இழுத்துச் செல்லப்படுவான். அதே வேளையில், சாதி வெறியில் அரிவாள் எடுத்தவருக்கான தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் சாதி பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதை மறுவாழ்வு என்று ஏற்க முடியாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான நிவாரணமும் பாதுகாப்பும் இதோடு பேரம் பேசப்படக் கூடியவை அல்ல.

வயதுச் சான்று பற்றி ஒரு சொல். 1994-இல் புனேயில் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவருக்குச் சம்பவத்தன்று பன்னிரண்டரை வயதுதான் என 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கண்டறிந்தது. சட்டப்படி மூன்றாண்டு இருந்திருக்க வேண்டியவர் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். அவரை மீட்டது ராஜஸ்தானில் ஒரு கிராமப் பள்ளியின் பதிவேடு. (பிரிவு 74-ஐ மதித்து இங்கே பெயரைத் தவிர்க்கிறோம்.) வயது வாதத்தை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னும், எழுப்பலாம். பிரிவு 94-இன்படி பள்ளிச் சான்றுக்கே முதலிடம். எலும்புச் சோதனை கடைசியில்தான்.

வெளியே வந்தவருக்கு அரசு என்ன தருகிறது? பிரிவு 46 பின்பராமரிப்பைப் பேசுகிறது. இருபத்தொரு வயது வரை, விதிவிலக்காக இருபத்து மூன்று வரை, உதவி பெறலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். பூந்தமல்லியில் ஓர் அறை வாடகைக்கு இது போதாது என்பது தனிக்கதை. கேட்காமல் இது வருவதில்லை. எனவே இல்லத்திலிருந்து விடுவிக்கப்படும் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். குழுமத்தின் இறுதி ஆணை நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஏழாண்டு முடிந்ததும் பிரிவு 24(2)-இன்கீழ் பதிவை அழிக்கக் கோரி, வழக்கை முடித்த குழுமத்திலேயே மனுச் செய்யுங்கள். அதில் காவல் நிலையக் கணினிப் பதிவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். பெரியவர்களின் வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தால், அந்த நீதிமன்றத்தில் சிறாரின் பெயரை மறைக்க இன்றே மனுப் போடலாம். அதற்கு ஏழாண்டு காத்திருக்கத் தேவையில்லை. பட்டியல் சாதியினருக்கும் சிறாருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி வழக்கறிஞர் இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். சம்பவத்தன்று பதினெட்டு நிரம்பி, இருபத்தொன்று நிரம்பாதவர்களுக்கு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் இந்தப் பாதுகாப்புகள் பொருந்தாது. அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் பின்னதன் பிரிவு 6, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் என்றால் துணைக்கு வராது.